நமீபியப் பாலைவன முகாமில் வயதான அப்பா அம்மாவோடு தங்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். அடுத்த ஜூலையில் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நமீபியா போகிறீர்கள். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 64. நமீப் பாலைவனத்தில் ஒரு சபாரி முகாமில் மூன்று இரவு தங்க ஆசை. ஆனால் துணிக் கூடாரத்துக்கு நட்சத்திர ஓட்டலைவிட அதிக வாடகை கேட்கிறார்கள். ராத்திரி சிங்கம் வருமோ என்று அம்மாவுக்குப் பயம். அவருக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். அப்பா தூங்கும்போது மூச்சுக் கருவி மாட்டிக்கொள்கிறார், அதற்கு மின்சாரம் வேண்டும். இவ்வளவும் எழுதிவிட்டு கடைசியில், "வெறும் மணலில் பார்க்க என்ன இருக்கிறது, இந்தச் செலவு தகுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். மற்றவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டே அதற்கு வருகிறேன்.

நான் நமீபியத் தலைநகர் விந்தோக்கில் ஒன்பது வருடம் இருந்தவன். சுற்றுலா வழிகாட்டி இல்லை. முகாம்களுக்கு சோலார் பேனல், பேட்டரி, போர்வெல் பம்ப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் வேலை. விருந்தாளிகள் முன்வாசல் வழியாக வருவார்கள், நான் சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரி அறைக்கு வருவேன். அதனால் எனக்கு முகாம்களின் உள்புறம் நன்றாகத் தெரியும். விலங்குகள் பற்றித் தெரிந்ததெல்லாம் அங்கே வேலை பார்த்த வழிகாட்டிகளோடு சாயங்காலங்களில் உட்கார்ந்து கேட்டதும், கூடப் போய்ப் பார்த்ததும். மருத்துவ விஷயத்தில் நான் சொல்வதை உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்தப் பாலைவனம் என்று முடிவு செய்ய வேண்டும். 'நமீபியப் பாலைவனம்' என்று ஒரே பெயரில் விற்கிறார்கள், ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடங்கள் அதில் இருக்கின்றன. தெற்கே இருப்பது மணல்கடல். செஸ்ரீம், சோசஸ்ஃப்ளே, அதற்குத் தெற்கே நமீப்ராண்ட் என்ற தனியார் காப்பகம். படங்களில் பார்க்கும் சிவப்பு மணல்மலைகள் இங்கேதான். 2013ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்த மணல்கடலைத்தான். வடமேற்கே இருப்பது குனேனே பகுதி, அதன் தென்பாகத்தை டமாராலாந்து என்றும் சொல்வார்கள். அங்கே மணல் குறைவு, பாறையும் சரளையும்தான். நடுவே வருடத்தில் சில நாட்கள் மட்டும் தண்ணீர் ஓடும் ஆறுகள். அந்த வறண்ட ஆற்றுப்படுகைகளில் பாலைவன யானைகள், கறுப்புக் காண்டாமிருகம், சில சிங்கங்கள் வாழ்கின்றன. அந்த யானைகளைத் தனி இனம் என்று பலர் சொல்வது தவறு, அவை சாதாரண ஆப்பிரிக்க யானைகள்தான். பல நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கவும், ஆற்று மணலைத் தோண்டி ஊற்று எடுக்கவும், எந்த ஆற்றில் எப்போது ஈரம் இருக்கும் என்று நினைவு வைத்துக்கொள்ளவும் தலைமுறை தலைமுறையாகப் பழகியவை. உங்கள் குடும்பத்துக்கு நான் தெற்கைத்தான் சொல்வேன். வடமேற்கு முகாம்களுக்குப் போகும் ரோடு நீளம், வண்டியில் குலுக்கல் அதிகம், முழங்கால் வலியோடு அது கஷ்டம். பாதுகாப்பு பற்றிய அம்மாவின் கேள்விக்கும் தெற்கில் எளிதாகப் பதில் சொல்லிவிடலாம்.

அந்தப் பதில்: செஸ்ரீம், நமீப்ராண்ட் பக்கம் நிரந்தரமாக வாழும் சிங்கம் கிடையாது. சிறுத்தை இருக்கிறது, கழுதைப்புலி இருக்கிறது, நரி ராத்திரி முகாமைச் சுற்றி வரும். இவை பொதுவாகக் கூடாரத்துக்குள் தூங்குபவர்களிடம் வராது. காலையில் கூடாரத்துக்கு வெளியே ஓரிக்ஸ் மானின் குளம்படித் தடத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். வடமேற்கில் நிலைமை வேறு. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். 2025 மே மாதக் கடைசியில் ஹோவனிப் பள்ளத்தாக்கில், ராத்திரி கூடாரத்தை விட்டுக் கழிப்பறைக்குப் போக வெளியே வந்த ஒருவரை சிங்கம் கொன்றது. இப்படி நடப்பது மிக அபூர்வம். ஆனாலும் வேலி இல்லாத முகாம்களில் "இருட்டிய பிறகு தனியாக நடக்காதீர்கள், ஆள் வந்து கூட்டிப்போவார், கூடாரத்தின் ஜிப்பை முழுதும் மூடுங்கள்" என்று சொல்வதைச் சடங்காக நினைக்கக் கூடாது. தெற்கிலும் அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், இங்கே காரணம் தேளும் விரியனும். செருப்பைக் காலையில் உதறிப் போடுங்கள். வால் தடித்து, முன்கொடுக்கு மெலிந்திருக்கும் தேள்தான் ஆபத்தானது. கொடுக்கு பருத்து வால் மெலிந்திருப்பது அவ்வளவு விஷம் இல்லை. அங்கே குழந்தைக்குக்கூடத் தெரிந்த அடையாளம் இது. கூடாரத்துடனேயே ஒட்டிய கழிப்பறை உள்ள முகாமைத்தான் பதிவு செய்யுங்கள். தெற்கில் நல்ல முகாம்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஆனாலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆனால் நான் உண்மையாகவே பயப்படுவது முகாமுக்குப் போகும் ரோட்டைப் பார்த்துத்தான். விந்தோக்கிலிருந்து செஸ்ரீம் சுமார் 350 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி சரளை ரோடு. நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டும் நாடு, எதிரே அரைமணி நேரத்துக்கு ஒரு வண்டி வந்தால் அதிகம், ரோடு கண்ணுக்கெட்டிய தூரம் நேராக ஓடும். அதனால் தெரியாமலே வேகம் ஏறிவிடும். சரளை மேல் டயருக்குப் பிடிமானம் இல்லை. உருளைக் கற்களின் மேல் மிதந்துகொண்டு போவது போலத்தான் வண்டி போகிறது. லேசான வளைவில் பிரேக் அடித்தால் பின்பக்கம் சுழலும், பதறி ஸ்டியரிங்கைத் திருப்பினால் கவிழும். சேர்ந்த இரண்டாவது வருடம் சாலிடேர் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் எனக்கே இது நடந்தது. 100க்கு மேல் போய்க்கொண்டிருந்தேன், பேட்டரிகள் ஏற்றிய பிக்கப். அது கவிழாமல் மண்மேட்டில் ஏறி நின்றது அதிர்ஷ்டம்தான், அதில் என் திறமை எதுவும் இல்லை. அடுத்த வண்டி வரும்வரை இரண்டு மணி நேரம் அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு சரளையில் 80ஐத் தாண்டியதில்லை, வளைவில் 60. டயர் காற்றை வாடகை வண்டிக்காரர் சொல்லும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், ஸ்டெப்னி இரண்டு கேளுங்கள், பொழுது சாய்வதற்குள் போய்ச் சேருங்கள். இருட்டில் குடு மானும் ஓரிக்ஸும் ரோட்டில் நிற்கும். இன்னொன்று: வேறு வண்டி மோதாமல் தானாகக் கவிழ்ந்தால் காப்பீடு கிடையாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன் படியுங்கள். உங்களுக்குச் சரளை ரோட்டில் பழக்கம் இல்லையென்றால், ஓட்டுநரோடு வண்டி எடுப்பதற்கு ஆகும் கூடுதல் காசுதான் இந்தப் பயணத்திலேயே நல்ல செலவு என்பேன். மூன்று பேருக்கு அது பெரிய பாரமாக இருக்காது.

அப்பாவின் மூச்சுக் கருவி. இது நான் உறுதியாகப் பேசக்கூடிய இடம். இந்த முகாம்களுக்கு மின்கம்பி கிடையாது. பகலில் பேனல் பேட்டரியை நிரப்பும், ராத்திரி முழுக்க அந்தச் சேமிப்பில்தான் ஓட வேண்டும். அதனால் பல முகாம்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் கூடாரங்களுக்குப் போகும் இன்வெர்ட்டரை அணைத்துவிடுவார்கள், விளக்குக்கான நேர்மின்சாரம் மட்டும் இருக்கும். சில இடங்களில் போன் சார்ஜ் செய்வதுகூட பொதுக் கூடத்தில்தான். இணையதளத்தில் '24 மணி நேர மின்சாரம்' என்று போட்டிருந்த ஓரிடத்தில் பழுது பார்க்கப் போனேன். அங்கேயே பத்தரை மணிக்கு இன்வெர்ட்டர் தானாக அணையும்படி வைத்திருந்தார்கள். அதனால் "மின்சாரம் உண்டா" என்று கேட்காதீர்கள். "இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை கூடாரத்துப் பிளக்கில் 220 வோல்ட் தொடர்ந்து வருமா, மருத்துவக் கருவி ஓட்ட வேண்டும்" என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அவர்களுக்கு அது பெரிய சுமையும் இல்லை. இந்தக் கருவி ராத்திரி முழுக்க ஓடினாலும் பெரும்பாலும் அரை யூனிட் அளவுதான் இழுக்கும். ஈரப்பதம் கொடுக்கும் ஹீட்டரை அணைத்தால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் பாலைவனக் காற்று மிக வறண்டது, ஹீட்டரை அணைத்தால் அப்பாவுக்குத் தொண்டை காயும். அணைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஹேர் டிரையர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி வேண்டாம் என்று முகாமில் சொல்வதற்கும் இதே கணக்குதான் காரணம். அவை ஒவ்வொன்றும் 1500, 2000 வாட். ஒரே நேரத்தில் நாலு கூடாரத்தில் ஓடினால் இன்வெர்ட்டர் உட்கார்ந்துவிடும். பிளக் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே இருப்பது நம் வீட்டில் ஏசிக்கும் கெய்சருக்கும் மாட்டுகிற பெரிய மூன்று முள் பிளக் மாதிரிதான். அந்த அளவில் ஒரு மாற்றுப் பிளக்கும் ஒரு நீட்டிப்புப் பலகையும் ஊரிலிருந்தே எடுத்துப்போனால் போதும்.

கூடாரம் என்றதும் திருவிழாப் பந்தல் மாதிரி கற்பனை செய்ய வேண்டாம். மரத்தளத்தின் மேல் இரும்புச் சட்டம், கெட்டிக் கேன்வாஸ், உள்ளே சரியான கட்டில், பின்னால் குளியலறை. ஏன் இவ்வளவு விலை என்பதற்கு நான் தினமும் கண்ணால் பார்த்த காரணம் உண்டு. ஒரு லிட்டர் டீசல், ஒரு மூட்டை மாவு, ஒரு பல்பு, எதுவானாலும் அந்தச் சரளை ரோட்டில் நாலைந்து மணி நேரம் லாரியில் வர வேண்டும். தண்ணீர் போர்வெல்லில் இருந்து, பல இடங்களில் உப்புக் கரிக்கும். பம்ப் எரிந்துபோனால் மாற்றுப் பம்ப் வரும்வரை முகாமே மூச்சுப் பிடித்துக் காத்திருக்கும். சிறிய முகாம்களில் வாளிக் குளியல்தான். வென்னீர் நிரப்பிய வாளியைக் கப்பி போட்டு மேலே ஏற்றி, அடியில் பூவாளி மாதிரி திறப்பு வைத்திருப்பார்கள். பக்கெட்டில் குளித்து வளர்ந்த நமக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் எந்நேரம் வென்னீர் வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஜூலை அங்கே நடுக்குளிர்காலம் என்பதை மறக்காதீர்கள். பகலில் இருபது, இருபத்தைந்து டிகிரி, நிழலில் உட்காரச் சுகமாக இருக்கும். விடியற்காலை ஐந்து டிகிரிக்கும் கீழே போகும், சில நாள் உறைபனியும் உண்டு. திறந்த ஜீப்பில் போனால் எலும்புக்குள் குத்தும். ஊட்டிக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டர் போதாது. குல்லா, கையுறை, காதை மூடும் மப்ளர், உள்ளே ஒரு கம்பளி பனியன் எல்லாம் வேண்டும். படுக்கையில் சுடுநீர்ப் பை வைத்திருப்பார்கள், இல்லையென்றால் கேளுங்கள். கிழக்கிலிருந்து சூடான காற்று மணலை வாரிக்கொண்டு அடிக்கும் நாட்களும் குளிர்காலத்தில் வரும். அது வந்தால் ஒருநாள் கூடாரத்துக்குள்ளேயே போய்விடும். எப்போது வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்று இரவு தங்குங்கள், ஒன்று போதாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாப்பாடு. நமீபியா இறைச்சி தின்னும் நாடு, முகாம் மெனு ஓரிக்ஸ், குடு, ஸ்பிரிங்பாக் என்று மான் இறைச்சிதான். ஆனால் சொன்னால் செய்துகொடுப்பார்கள். சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் மீனோ கோழி வேகவைத்த தண்ணீரில் செய்த சூப்போ வந்துவிடலாம். இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு எதுவும் கூடாது என்று பதிவு செய்யும்போதே எழுதுங்கள். காய்கறி லாரி வாரத்துக்கு ஒருமுறைதான் வரும், போய் இறங்கிச் சொன்னால் சமையல்காரர் என்ன செய்வார், பாவம். அம்மாவுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. முகாம்களில் வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் வடக்கிலிருந்து வரும் ஒவாம்போ மக்கள், அவர்கள் அன்றாட உணவு மஹாங்கு. அது நம் கம்புதான், வேறொன்றுமில்லை. கம்பு ஆப்பிரிக்காவில் பிறந்து நம் நாட்டுக்கு வந்த தானியம். அதில் கிண்டும் ஓஷிஃபிமா நம் கம்பங்களியேதான், தொட்டுக்கொள்ள ஓம்பிடி என்ற கீரை, நம் வயலோர வேளைக்கீரை இனம். இது விருந்தாளிகள் மெனுவில் இருக்காது. நான் வழக்கமாகச் சாப்பிட்டது பணியாளர் சமையல்கட்டில்தான். அம்மா கேட்டுப் பார்க்கட்டும், சந்தோஷமாகக் கொடுப்பார்கள். பருப்புப் பொடி, ஊறுகாய், அவல் கையோடு வைத்துக்கொள்வதும் நல்லது, ரோட்டில் நிறுத்தும் இடங்களில் சைவத்துக்கு ரொட்டியும் உருளைக்கிழங்கும் தவிர அதிகம் கிடைக்காது.

முழங்கால். படங்களைப் பார்த்துவிட்டு எல்லா மணல்மலையிலும் ஏற வேண்டும் என்று நினைக்கிறார்கள். தேவையே இல்லை. செஸ்ரீமில் இருக்கும் தேசியப் பூங்கா வாயிலிலிருந்து சோசஸ்ஃப்ளே 65 கிலோமீட்டர். அதில் 60 தார் ரோடு, கடைசி 5 ஆழமான மணல். அந்தக் கடைசிப் பகுதியில் நீங்களே ஓட்ட முயற்சி செய்யாதீர்கள், தினமும் யாராவது புதைந்து நிற்பார்கள். டிராக்டர் மாதிரி வண்டிகள் ஏற்றிப்போகும். அங்கிருந்து டெட்ஃப்ளேவுக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் மணலில் நடை. மெதுவாக, ஊன்றுகோலோடு, அதிகாலையில் என்றால் அம்மாவால் முடியலாம். முடியாவிட்டால் வண்டி நிற்கும் இடத்தில் முள்மர நிழல் இருக்கிறது, அங்கே உட்கார்ந்திருக்கலாம். பூங்கா வாயில் சூரிய உதயத்துக்குத்தான் திறக்கும், வாயிலுக்கு உள்ளே தங்குபவர்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னால். ஜூலையில் அங்கே சூரியன் உதிக்க ஏழரை மணி ஆகும் என்பதால் இதற்காக அர்த்தராத்திரியில் எழுந்து ஓட வேண்டியதில்லை. டெட்ஃப்ளே என்பது வெள்ளைக் களிமண் தரையில் கறுத்து நிற்கும் பட்ட மரங்கள். ஒரு காலத்தில் ட்சவ்சாப் ஆறு வெள்ளம் வந்து நின்ற இடம். மணல் ஆற்றை மறித்த பிறகு மரங்கள் செத்தன. அறுநூறு, எழுநூறு வருடமாகச் செத்து நிற்கின்றன என்பது பொதுவான கணிப்பு. காற்றில் ஈரமே இல்லாததால் மட்கவில்லை. தொட வேண்டாம், சாய்ந்து படம் எடுக்கவும் வேண்டாம். ஒரு கிளை ஒடிந்தால் அது திரும்ப வராது.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பார்க்க என்ன இருக்கிறது? விலங்கு எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் இந்தக் காசை எடோஷா தேசியப் பூங்காவில் செலவழியுங்கள். அங்கே ஒரு தண்ணீர்க் குட்டைக்கு முன்னால் உட்கார்ந்தால் யானையும் வரிக்குதிரையும் தானாக வரும். பாலைவன முகாமில் அப்படி நடக்காது. ஒரு நாள் முழுக்க சுற்றி நாலு ஓரிக்ஸ், ஒரு தீக்கோழிக் கூட்டம், ஒரு நரி என்று திரும்பி வருவீர்கள். ஆனால் அந்த ஓரிக்ஸை நின்று பாருங்கள். கொதிக்கும் மணல்முகட்டில் வெயிலில் அசையாமல் நிற்கும். தன் உடல் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டி ஏற விட்டுவிடும், வியர்த்துத் தண்ணீரை வீணாக்காது. மூளைக்குப் போகும் ரத்தம் மட்டும் மூக்குப் பக்கத்து நுண்குழாய் வலையில் குளிர்ந்த பிறகே மேலே போகும். நல்ல வழிகாட்டியோடு காலையில் மணல்மேட்டு அடிவாரத்தில் இருநூறு அடி நடந்தால் போதும், முழங்கால் வலிக்காது. முந்திய ராத்திரி நடந்ததெல்லாம் அங்கே தடமாக இருக்கும். பக்கவாட்டில் நகரும் குட்டி விரியன் போட்ட சாய்கோடுகள், மணலுக்குள்ளேயே நீந்திப் போன தங்க அகழெலியின் வரப்பு, கதவு வைத்த வளையில் ஒளிந்திருக்கும் சிலந்தி. பெங்குவேலா என்ற குளிர்ந்த கடல் நீரோட்டம் கரையோரத்தில் ஓடுவது இங்கே மழை இல்லாததற்கு ஒரு முக்கியக் காரணம். அதே நீரோட்டம்தான் மூடுபனியை உள்நாட்டுக்கு அனுப்புகிறது. மழையைப் பறித்த கடலே பனியைக் கொடுத்துப் பிழைக்க வைக்கிறது. கோபாபெப் ஆய்வுநிலையத்தில் 1962லிருந்து இதையெல்லாம் ஆராய்ந்து வருகிறார்கள். மணல்முகட்டில் தலைகீழாக நின்று, முதுகில் படியும் பனித்துளி வாய்க்கு வழிந்து வர விட்டுக் குடிக்கும் வண்டு அந்த ஆய்வுகளால்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. பனி கடலிலிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் உள்ளே வருவது சாதாரணம். நீங்கள் தங்கும் இடத்துக்கு அந்த மூன்று நாளில் வருமா என்று சொல்ல முடியாது.

சந்தேகமான சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றையே அடித்துச் சொல்லும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். நமீப்ராண்ட் பக்கம் புல்வெளியில் ஆயிரக்கணக்கான வட்டங்கள் தெரியும், உள்ளே புல் முளைக்காத வெறும் மணல், சுற்றிலும் உயர்ந்த புல். 'தேவதை வட்டம்' என்று பெயர். கரையான்தான் காரணம் என்று ஒரு சாரார், தண்ணீருக்காகப் புற்கள் தங்களுக்குள் போட்டி போடுவதால் உண்டாகும் ஒழுங்கு என்று இன்னொரு சாரார், இரண்டு பக்கமும் கள ஆய்வு உண்டு, வழக்கு முடியவில்லை. உலகத்திலேயே பழைய பாலைவனம் நமீப் என்பதும் அப்படித்தான். வறட்சி பல கோடி வருடப் பழமை என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. நீங்கள் ஏறும் மணல்மேடு அவ்வளவு பழசு என்று அதற்கு அர்த்தம் இல்லை. மணல் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெளிவு. தெற்கே ஆரஞ்சு ஆறு கடலில் கொண்டுபோய்க் கொட்டியதை அலைகள் வடக்கே தள்ள, காற்று கரையேற்றியது. சிவப்பு நிறம் மணிகளின் மேல் படிந்த இரும்புத் துரு.

ராத்திரியைத் தனியாகச் சொல்ல வேண்டும், என்னைக் கேட்டால் செலவில் பாதி அதற்கே தகும். நமீப்ராண்டை 2012ல் சர்வதேச இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள், ஆப்பிரிக்காவில் அதுதான் முதலாவது. ஆயிரம் ஹெக்டேருக்கு ஒரு படுக்கை என்ற கணக்கில்தான் அங்கே முகாம்களை அனுமதிக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்குப் பஞ்சாங்கம் பார்க்கும் பழக்கம் இருந்தால் மிகவும் ரசிப்பார். ஜூலை நடுவில் ராத்திரி பத்து மணி வாக்கில் விருச்சிகத்தின் கேட்டை நட்சத்திரம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். சென்னையில் அது தென்வானில் பாதி உயரத்துக்கு ஏறுவதோடு சரி. பால்வீதியின் தடித்த நடுப்பகுதி அதோடு சேர்ந்து தலைக்கு மேல் வரும். திரிசங்கு நட்சத்திரக் கூட்டம் தென்மேற்கில் இருக்கும். விடியலுக்கு முன் எழுந்தால் தென்கிழக்கில் அகத்தியர் நட்சத்திரம் ஏறியிருக்கும். நம் ஊரில் அந்த நாட்களில் அது சூரியனோடு எழுந்து சூரியனுக்கு முன் மறைவதால் கண்ணுக்கே தெரியாது. பக்கத்திலேயே பஞ்சுத் துண்டு மாதிரி இரண்டு வெளிச்சத் திட்டுகள் தெரியும், அவை மெகல்லன் மேகங்கள், தனி நட்சத்திர மண்டலங்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். பௌர்ணமிக்குப் போனால் மணல்மேடு வெள்ளியாகத் தெரியும், அதுவும் அழகுதான், நட்சத்திரங்களில் பாதி காணாமல் போகும்.

காசு எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். நமீப்ராண்டில் ஒவ்வொரு விருந்தாளியின் ஒவ்வொரு இரவுக்கும் காப்பகத்துக்கு ஒரு கட்டணம் போகிறது. ஒரு காலத்தில் ஆட்டுப் பண்ணைகளாக இருந்த நிலத்தை வாங்கிச் சேர்த்து, வேலிகளைப் பிடுங்கி, ஓரிக்ஸும் ஸ்பிரிங்பாக்கும் தடையில்லாமல் நடக்க விட்ட இடம் அது. வடமேற்கில் 1996ல் வந்த சட்டத்திருத்தத்தால் ஊர் மக்களே காப்பகம் அமைத்து வனவிலங்கு வருமானத்தில் உரிமை பெறுகிறார்கள், இன்று அப்படி 80க்கும் மேற்பட்டவை உண்டு. முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது இதை ஒரு கேள்வியாகக் கேளுங்கள். ஐந்து இடத்தில் ஐந்து இரவு என்று ஏஜென்ட் போட்டுக் கொடுப்பதை மட்டும் ஏற்காதீர்கள். பகல் முழுக்க ரோட்டில் போய்விடும். மூன்று இரவும் ஒரே முகாமில்.

உடல்நலத்தில் இரண்டு விஷயம் டாக்டரிடம் கேட்க வேண்டும். நமீபியா மஞ்சள் காய்ச்சல் நாடு இல்லை, ஆனால் விமானம் எத்தியோப்பியா அல்லது கென்யா வழியாக மாறினால் தடுப்பூசிச் சான்றிதழ் கேள்வி வரும், முக்கியமாக இந்தியா திரும்பும்போது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த ஊசியில் கடுமையான பக்கவிளைவு வர வாய்ப்பு கூடுதல் என்பதால் அப்பா அம்மாவுக்கு அதைப் போடலாமா என்பதே தனி முடிவு. அந்த நாடுகளைத் தொடாமல் ஜோகன்னஸ்பர்க் வழியாகப் போனால் இந்தச் சிக்கலே எழாது, டிக்கெட் எடுப்பதற்கு முன் யோசியுங்கள். மலேரியா அபாயம் நாட்டின் வடக்கிலும் வடகிழக்கிலும்தான், தெற்கு நமீபில் பிரச்சினை இல்லை. வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது, ரத்த அழுத்தத்துக்கு நீர் போகும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல மருத்துவமனை விந்தோக்கிலும் கடற்கரை ஊர்களிலும்தான். அதனால் விமானத்தில் தூக்கிப்போகும் செலவையும் ஏற்கும் காப்பீடு கட்டாயம்.

முகாமுக்கு மின்னஞ்சல் எழுதும்போது கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அவர்கள் இன்வெர்ட்டர், பேட்டரி விவரம் அனுப்பினால் இங்கே போடுங்கள், ராத்திரி முழுக்கத் தாங்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.